வீட்டுக் கணினியில் வைரஸ் ஏறாமல் பார்த்துக்கொள்ள என்னென்ன செய்யவேண்டும்?

வீட்டுக் கணினியில் வைரஸ் ஏறும்போது, பெரும்பாலும் அதற்குக் கதவைத் திறந்துவிடுவது அதன்முன் உட்கார்ந்திருப்பவர்தான். ஏதோ ஒரு ஃபைலைத் திறப்பார், கேட்ட கேள்விக்கு 'யெஸ்' அழுத்துவார், அவ்வளவுதான். ஆகவே எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்று தேடுவதற்கு முன் செய்யவேண்டியவை சில இருக்கின்றன. இங்கே சொல்லியிருப்பது விண்டோஸ் கணினிகளுக்கு.

முதலில் அப்டேட். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) பல நாடுகளில் கணினிகளைப் பூட்டியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போடாமல் தள்ளிப்போட்ட கணினிகள் மாட்டின. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொள்ளாத கணினிக்குப் புதிய பாதுகாப்பு அப்டேட்டுகள் வராது. ஹார்டுவேர் பழையது, விண்டோஸ் 11 ஏறாது என்றால் லினக்ஸ் மிண்ட் போன்ற வேறொரு இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறலாம். பிரௌசர் தானாக அப்டேட் ஆகிவிடும், ஆனால் மூடித் திறந்தால்தான் புதியது வேலைக்கு வரும். நாற்பது டேப்களை வாரக்கணக்கில் திறந்தே வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

அட்மின் கணக்கில் புழங்காதீர்கள்

விண்டோஸை முதன்முதலில் அமைக்கும்போது உருவாகும் கணக்கு, கணினியில் எதையும் மாற்ற அதிகாரமுள்ள அட்மினிஸ்ட்ரேட்டர் (அட்மின்) கணக்கு. பெரும்பாலான வீடுகளில் எல்லா வேலையும் அதில்தான் நடக்கிறது. நீங்கள் அட்மினாக இருந்தால், 'அனுமதிக்கலாமா' என்று விண்டோஸ் கேட்கும்போது ஒரே கிளிக்கில் வைரஸுக்கும் அட்மின் அதிகாரம் போய்விடும். ஸ்டாண்டர்டு கணக்கில் இருந்தால் அதே இடத்தில் பாஸ்வேர்டு கேட்கும். அந்த ஐந்து நொடித் தயக்கமே பல நேரம் போதும்.

பலர் புதிதாக ஸ்டாண்டர்டு கணக்கு ஒன்றைத் தொடங்கி, ஃபைல்கள் எல்லாம் பழைய கணக்கில் கிடக்கின்றன என்று இரண்டே நாளில் திரும்பிவிடுவார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதற்குள் அதர் யூசர்ஸ் போய்ப் புதுக் கணக்கு ஒன்றைச் சேர்த்து, அதை அட்மினாக்கி, வலுவான பாஸ்வேர்டு வையுங்கள். அதில் ஒருமுறை நுழைந்து, நீங்கள் வழக்கமாகப் புழங்கும் பழைய கணக்கை ஸ்டாண்டர்டு யூசராக மாற்றிவிடுங்கள். ஃபைல்கள், செட்டிங்ஸ் எதுவும் இடம் மாறாது. அட்மின் பாஸ்வேர்டைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். எப்போதாவது பயன்படுத்துவது என்பதால் மறந்துபோகும், மறந்தால் பெரிய தலைவலி.

ஆன்டிவைரஸ் விஷயத்தில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸே வீட்டுக்குப் போதுமானது. ஒரே நேரத்தில் இரண்டு ஆன்டிவைரஸ்களை ஓடவிட்டால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கணினி மந்தமாகும். ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன்', அதற்குள் 'மேனேஜ் செட்டிங்ஸ்', கீழே போனால் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்'. ஸ்கேன் செய்யாமல் ஒதுக்கப்பட்ட ஃபோல்டர்கள் அங்கே தெரியும். நீங்கள் எதையும் சேர்க்கவில்லை என்றால் பொதுவாக அது காலியாக இருக்கவேண்டும். சி டிரைவ் முழுவதுமே அங்கே இருந்தால் யாரோ, அல்லது ஏதோ ஒரு 'கிராக்' (கட்டண சாஃப்ட்வேரைக் காசில்லாமல் ஓடவைக்கும் ஃபைல்), டிஃபெண்டரின் கண்ணைக் கட்டிவிட்டது என்று பொருள். 'முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்' என்று கிராக் ஃபைலோடு வரும் குறிப்பின் உள்நோக்கமும் இதுதான். இலவசமாகக் கிடைத்த கட்டண சாஃப்ட்வேருக்குப் பல நேரம் இப்படித்தான் விலை கொடுக்கிறோம்.

ஃபைலின் முழுப்பெயரைப் பாருங்கள்

விண்டோஸ் வழக்கமாக ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்துவைக்கும். 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்ற ஃபைல் 'பில்.பிடிஎஃப்' என்று மட்டும் தெரியும், ஐகானும் பிடிஎஃப் போலவே இருக்கும். திறந்தால் ஓடுவது புரோகிராம். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்தால் இந்த வித்தை பலிக்காது. மெயிலில் வந்த வேர்டு, எக்செல் ஃபைல் 'மேக்ரோவை இயக்கு' என்று கெஞ்சினால் மூடிவிடுங்கள். மேக்ரோ என்பது ஃபைலுக்குள் இருக்கும் சிறு புரோகிராம், சாதாரண பில்லுக்கு அது தேவையே இல்லை.

இப்போது பரவலாக இருக்கும் இன்னொரு தந்திரம் போலி கேப்ட்சா. 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க விண்டோஸ் கீயும் ஆர் எழுத்தும் அழுத்துங்கள், பிறகு கண்ட்ரோல் வி, பிறகு என்டர்' என்று ஒரு தளம் சொல்லும். முதல் அழுத்தத்தில், கட்டளைகளை ஓடவிடும் 'ரன்' பெட்டி திறக்கும். இரண்டாவதில், அந்தத் தளம் உங்களுக்குத் தெரியாமல் கிளிப்போர்டில் (காப்பி செய்தது தங்கும் இடம்) வைத்த கட்டளை அதில் ஒட்டப்படும். என்டர் தட்டியதும் அது ஓடி, பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் லாகின் குக்கிகளையும் (நீங்கள் ஏற்கெனவே நுழைந்தவர் என்று தளத்துக்குக் காட்டும் சிறு பதிவுகள்) அள்ளிக்கொண்டு போகும். டவுன்லோடு என்று எதையும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உண்மையான கேப்ட்சா எதுவும் பிரௌசருக்கு வெளியே கீபோர்டைத் தொடச் சொல்லாது.

திரையின் வலது ஓரத்தில் '5 வைரஸ்கள் உள்ளன' என்று அடிக்கடி வந்தால் பெரும்பாலும் அது வைரஸே அல்ல. எப்போதோ ஏதோ ஒரு தளத்துக்கு 'அலவ்' கொடுத்ததால் வரும் நோட்டிஃபிகேஷன். பிரௌசரின் சைட் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் அறிமுகமில்லாத தளங்களை நீக்கினால் நின்றுவிடும். முழுத்திரையில் அலாரம் அடித்து 'இந்த எண்ணை அழையுங்கள்' என்று வந்தால் அழைக்கவேண்டாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரௌசரை மூடுங்கள். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களை மீட்கவா' என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் திடீரென ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் அவற்றை டபுள் கிளிக் செய்யாதீர்கள், அதில்தான் வைரஸ் ஓடத் தொடங்கும். ஃபைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, சிஸ்டம் ஃபைல்போல மறைக்கப்பட்டிருக்கும். முதலில் பென்டிரைவை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, 'ஹைடு ப்ரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கையும் எடுத்தால் அவை தெரியும். வேண்டியதை நகலெடுத்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள்.

பேக்கப் இல்லையென்றால் ரான்சம்வேர் வந்த அன்று கையைப் பிசைய வேண்டியதுதான். வெளி ஹார்டு டிஸ்கில் எடுங்கள், எடுத்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்கையும் ரான்சம்வேர் சேர்த்துப் பூட்டிவிடும். மாதம் ஒருமுறை பேக்கப்பில் உள்ள ஒரு ஃபைலையாவது திறந்து பாருங்கள். ரவுட்டரிலும் ஒரு வேலை உண்டு: அதன் அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, ஃபர்ம்வேரை (அதற்குள் ஓடும் சாஃப்ட்வேர்) அப்டேட் செய்து, ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியிலிருந்தே ரவுட்டரை மாற்றும் வசதி) இருந்தால் ஆஃப் செய்யுங்கள்.

ஏற்கெனவே மாட்டிவிட்டால்

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். டிஃபெண்டரின் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது. திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்புமுன்பே தேடும், சுமார் 15 நிமிடம் பிடிக்கும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் வைரஸ்கள் இதில் பிடிபட வாய்ப்பு அதிகம்.

பாஸ்வேர்டுகளை அதே கணினியில் உட்கார்ந்து மாற்றாதீர்கள், புதியதும் திருடு போகலாம். போனிலோ வேறு கணினியிலோ மாற்றுங்கள். முதலில் மெயில், அடுத்து வங்கி, பிறகு மற்றவை. மெயில் கைவிட்டுப் போனால் மற்ற எல்லாவற்றையும் அதை வைத்தே ரீசெட் செய்துவிடுவார்கள். மாற்றியதும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். குக்கி திருடு போயிருந்தால் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தும் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழைய முடியும், அந்த லாகினை முறிக்க இதுதான் வழி.

ஸ்கேனுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் ஃபோட்டோ, டாக்குமென்ட் மட்டும் நகலெடுத்து, 'ரீசெட் திஸ் பிசி' போய் 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்து, இணையத்தை மறுபடி இணைத்து, மைக்ரோசாஃப்டிலிருந்தே இறக்கும் 'கிளவுட் டவுன்லோடு' வழியாக விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். பழைய டிஸ்கிலுள்ள இன்ஸ்டால் ஃபைல்களை எடுத்துவராமல், ஒவ்வொரு சாஃப்ட்வேரையும் அதன் சொந்தத் தளத்திலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பர லிங்க் போலித் தளமாகவும் இருக்கலாம், முகவரியைப் பார்த்துவிட்டு இறக்குங்கள்.