சிறுகோளில தண்ணி சேர்ந்த கனியம் இருக்கோ எண்டு லப்டொப்பிலயே பார்க்கலாம்

ரெண்டு கிழமை மினக்கெட்டு நேற்றுத்தான் சரிவந்தது, மறக்க முதல் எழுதுறன். நாங்கள் தேடுறது ஓடுற தண்ணி இல்ல. ஆவணி வெயிலுக்கு எங்கட குளம் வத்தி அடிக்களி பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்குமெல்லோ, கையில எடுத்தா காஞ்ச கட்டி, ஆனா அந்தக் களியின்ர கனியத்துக்குள்ள ஐதரொட்சில் (ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த OH) அப்பிடியே பூட்டிக் கிடக்கும். சிறுகோளில தேடுறதும் இந்த இனக் களிக்கனியத்தைத்தான்.

சிறுகோளில பட்டுத் தெறிக்கிற சூரிய ஒளியை அலைநீளம் அலைநீளமாப் பிரிச்சுப் பார்த்தா, கனியம் உறிஞ்சின இடத்தில ஒளி குறைஞ்சிருக்கும். இந்தக் கனியத்தின்ர நேரடி அடையாளம் 2.7 மைக்ரோன் அலைநீளத்துக்குக் கிட்ட வாற உறிஞ்சல். நிலத்தில நிண்டு பார்த்தா எங்கட வளிமண்டல நீராவி அந்த இடத்தை மறைச்சுப்போடும். ரியுகு எண்ட சிறுகோளில 2.72, பென்னு எண்ட சிறுகோளில 2.74 எண்டு கண்டது கிட்டப்போன விண்கலங்கள், ஹயபுசா2உம் ஒசைரிஸ்-ரெக்ஸும். எங்களுக்குத் தோதானது 0.7 மைக்ரோனில வரைபுக்கோடு கீழிறங்கிற பள்ளம். தண்ணி பட்டு மாறின கனியத்தில ரெண்டு வகை இரும்பு அயனுக்கிடையில இலத்திரன் தாவுறதால வாறது அது.

சிறுகோள்களின்ர ஒளியை இப்பிடிப் பிரிச்சு அளந்த ஸ்மாஸ் (SMASS) ஆய்வின்ர டேட்டா இலவசம். அதில 19 போர்ச்சூனா எண்ட சிறுகோளின்ர டேட்டாவை இறக்கி லிப்ரே ஒபிஸ் கல்க் எண்ட விரிதாள் மென்பொருளில திறவுங்கோ. பைதன் நிரலாக்கம் படிச்சிட்டுத் துவங்குவம் எண்டு நிக்காதேங்கோ, இதுக்கு கல்க் தாராளம்.

நான் மாட்டுப்பட்டது இனித்தான். வரைபைப் பார்த்து பள்ளத்தைக் கண்ணால தேடினன், ஒண்டுமே தெரியேல்ல, ஏனெண்டா முழுக்கோடும் சாய்வு, பள்ளமோ ஒரு சில வீதம்தான். முதல்ல சாய்வை எடுக்கோணும். 0.55க்குக் கிட்ட உள்ள பெறுமானங்களின்ர சராசரி ஒண்டு, 0.87க்குக் கிட்ட இன்னொண்டு, ரெண்டையும் நேர்கோட்டால இணைச்சு ஒவ்வொரு அலைநீளத்திலயும் டேட்டாவை அந்தக் கோட்டால பிரியுங்கோ, கழிக்கிறேல்ல, பிரிக்கோணும். சராசரி எடுக்காம ஒரேயொரு புள்ளியை நம்பினா அதின்ர இரைச்சல் (அளவீட்டில வாற தற்செயல் பிழை) முழுக்கோட்டையும் தூக்கிப்போடும், எனக்கு மூண்டு நாள் அதிலதான் போனது. 0.7இல 0.97 வந்தா பள்ளம் 3 வீதம்.

சரிபார்க்க 4 வெஸ்டா எண்ட சிறுகோளையும் இதே மாதிரிச் செய்யுங்கோ. அதில 0.7இல பள்ளத்துக்குப் பதிலா மேடு வரோணும்.

பிறகு சேர்த்தது: ஒரு தங்கச்சி தனக்குக் கோடு தட்டையா வருதெண்டு எழுதியிருந்தா. நிலைக்குத்து அச்சு 0இல துவங்கினா அப்பிடித்தான் தெரியும், 0.9 இலயிருந்து 1.1 மட்டும் வையுங்கோ.

இன்னொருத்தர், பள்ளம் இல்லாட்டி தண்ணி இல்லையோ எண்டு கேட்டவர். அப்பிடி முடிவெடுக்கேலாது. சீரிஸ் எண்ட குறுங்கோளில 0.7 பள்ளம் இல்ல, ஆனா டோன் விண்கலம் 2.7 மைக்ரோன் உறிஞ்சலை அதின்ர மேற்பரப்பு முழுக்கக் கண்டது. சூடு பட்டா 0.7 பள்ளம்தான் முதல்ல அழியும்.