குமிழ்முனைக் கடல் சாமந்தியைக் கடல்நீர் மீன்தொட்டியில் குடியேற்றுவது எப்படி?

கைகளின் நுனி குமிழ்போல உப்பியிருக்கும் இந்தச் சாமந்தியின் அறிவியல் பெயர் என்டாக்மியா குவாட்ரிகலர். இந்திய, பசிபிக் பெருங்கடல்களிலும் செங்கடலிலும் பவளப்பாறை இடுக்குகளில் வாழ்வது. பார்க்கப் பூ; உண்மையில் நகர்ந்து போகும் விலங்கு. இதை மறப்பதால்தான் பலரிடம் இது சாகிறது.

1. தொட்டி குறைந்தது 6 மாதமாவது ஓடியிருக்க வேண்டும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0. வெப்பம் 25–26 டிகிரி செல்சியஸ், தண்ணீரின் உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025–1.026. இந்த எண்கள் நாளுக்கு நாள் ஆடாமல் இருப்பதுதான் முக்கியம்.

2. வாங்கும்போது வாய் இறுக மூடியிருக்கிறதா, பாதம் (பாறையில் ஒட்டிக்கொள்ளும் அடிப்பகுதி) கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தூய வெள்ளை நிறத்தில் மயங்க வேண்டாம். உடலுக்குள் இருந்து ஒளியால் உணவு தயாரித்துத் தரும் நுண்பாசிகளை இழந்ததன் அடையாளம் அது. மங்கிய பழுப்புதான் நல்லது.

3. விடும் முன்பே பம்புகளின் உறிஞ்சுவாயைப் பஞ்சு நுரையால் மூடிவிடுங்கள். இடம் தேடி அலையும்போது அதில் சிக்கினால் அரைபட்டுச் சிதறும். தொட்டித் தண்ணீரே கெட்டுவிடும்.

4. சாமந்தி வந்த தண்ணீரில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் கலந்து பழக்குங்கள். கொட்டும் செல்கள் உண்டு, கையுறை அவசியம். பம்பை நிறுத்தி, ஆழமான பாறை இடுக்கில் பாதம் படும்படி வையுங்கள். பாதம் இருட்டில், கைகள் வெளிச்சத்தில்: அதற்குப் பிடித்த அமைப்பு இதுதான். ஒட்டிக்கொண்டதும் பம்பைப் போடலாம்.

பிறகு அது வேறிடம் போனால் விட்டுவிடுங்கள். பிய்த்து எடுத்தால் பாதம் கிழிந்து அழுகும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பாறையோடு தூக்குங்கள்.

5. பட்டாணி அளவு இறால் துண்டு, வாரம் ஒருமுறை போதும். பெரிய துண்டைப் பெரும்பாலும் செரிக்காமல் கக்கிவிடும்.

அவ்வப்போது சுருங்கிப் பழுப்புச் சளியைத் துப்பும். உண்ணவும் கழிக்கவும் அதற்கு ஒரே வாய்தான், பயப்பட வேண்டாம். ஆனால் வாய் பிளந்தபடியே கிடந்து, உடல் கரைந்து, நாற்றமும் அடித்தால் உடனே வெளியே எடுங்கள். அழுகும் உடலின் அம்மோனியா மீன்களையும் கொல்லும்.

ஒருநாள் காலையில் ஒன்று இரண்டாகி இருந்தால் குழம்ப வேண்டாம். நெடுக்காகப் பிளந்து பெருகுவது இதன் இயல்பு.