தவில் அடி நசுங்காமல் கேட்க: வீட்டு ஸ்பீக்கருக்கு டிரைவர் தேர்வு

அப்பா கும்பகோணம் பக்கத்தில் மைக் செட் வைத்திருந்தார். புளியமரக் கிளையில் கட்டிய ஒரு கூம்புக் குழாய், 30 வாட் ஆம்ப்ளிஃபயர், அவ்வளவுதான். விடியற்காலைப் பாட்டு அடுத்த ஊர் வரை போகும். நான் வேலைக்குப் போய்ச் சொந்தமாகச் செய்த முதல் ஸ்பீக்கருக்கு 100 வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். டிரைவர்கள், அதாவது பெட்டிக்குள் ஒலி எழுப்பும் பாகங்கள், இரண்டு: கீழ் ஒலிக்கு ஆறரை அங்குல ஊஃபர், மேல் ஒலிக்குப் பட்டுத்துணி டோம் ட்வீட்டர். வீணை அழகாகக் கேட்டது. நாதஸ்வரக் கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. தவில்காரர் தொப்பியில் (தவிலின் இடது முகத்தில்) குச்சியால் ஓங்கி அடிக்கும் இடத்தில், நடுவே யாரோ தலையணையை வைத்தது போல இருந்தது. சத்தத்தைக் கூட்டினேன். மூன்றாம் நாள் ட்வீட்டரின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) கருகியது.

அதற்குப் பிறகு நான் டிரைவர் வாங்கும் முறையே மாறிவிட்டது. உச்ச அடியிலிருந்து கணக்கைத் தொடங்குகிறேன்.

என் கூடத்தில் நாற்காலி ஸ்பீக்கரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கிறது. சராசரியாக 80 டெசிபல் அளவில் கேட்டால் காதுக்கு இதம். நசுக்காமல் பதிவு செய்த மேளத்தில் அடி சராசரியை விட 20 டெசிபல் மேலே எகிறும். இன்னும் 5 டெசிபல் கையிருப்பு வைத்தால், நாற்காலியில் 105. திறந்த வெளியில் 3 மீட்டருக்கு 9.5 டெசிபல் குறையும். அறைச் சுவர்களும் இரண்டாவது பெட்டியும் கொஞ்சம் திருப்பித் தருவதால் நான் 6 என்று வைத்துக்கொள்கிறேன். ஆக, ஒவ்வொரு பெட்டியும் 1 மீட்டரில் 111 டெசிபல் எட்ட வேண்டும்.

இப்போது விவரத்தாளில் உணர்திறன் என்ற வரியைப் பாருங்கள். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் எத்தனை டெசிபல் என்பது அது. 10 டெசிபல் கூட வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் தேவை. என் பழைய ஊஃபர் 86 டெசிபல். 111-ஐ எட்ட இன்னும் 25 டெசிபல், அதாவது 316 வாட். 96 டெசிபல் ஊஃபருக்கு அதே வேலைக்கு 32 வாட் போதும். அப்பாவின் குழாய் ஊரைத் தாண்டிய ரகசியம் இதுதான். அது வாட்டை நம்பிப் பிழைக்கவில்லை. கடையில் பெட்டி மேல் அச்சிட்டிருக்கும் ‘1000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்ற விளம்பர எண்ணைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

ஆம்ப்ளிஃபயரைப் பெரிதாக வாங்கிவிட்டால் தீர்ந்ததா என்று கேட்பவர்களுக்கு: 86 டெசிபல் டிரைவர் வாங்கும் மின்சாரத்தில் கால் சதவீதம்தான் ஒலியாகிறது. மீதி முழுக்கக் காயிலில் சூடு. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் ஏறும். காயில் 200 டிகிரி கூடுதலாகச் சூடானால் தடை 1.8 மடங்காகிவிடும். ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு தள்ளினாலும் டிரைவர் இழுத்துக்கொள்ளாது. தவில் தனியின் முதல் ஆவர்த்தனம் கம்பீரமாகவும் ஐந்தாவது சோர்ந்தும் கேட்பது இப்படித்தான். மேடை ஒலிக்கென்று டிரைவர் செய்யும் சில நிறுவனங்கள் இந்தச் சோர்வை ‘பவர் கம்ப்ரஷன்’ என்ற பெயரில் விவரத்தாளிலேயே தருகின்றன. தந்திருந்தால் அந்த வரியைத்தான் முதலில் படியுங்கள்.

உணர்திறன் மட்டும் போதாது. கீழ் ஸ்வரங்களுக்குக் காற்றைத் தள்ள வேண்டும். கூம்பின் பரப்பையும் அது ஒரு பக்கம் ஒழுங்காக நகரும் தூரத்தையும் பெருக்கினால் வருவதுதான் உங்கள் கொள்ளளவு. விவரத்தாளில் இவை எஸ்.டி., எக்ஸ்மேக்ஸ் என்று இருக்கும். மூடிய பெட்டியில், 60 ஹெர்ட்ஸில், 1 மீட்டரில் நான் போட்ட கணக்கு இது. ஆறரை அங்குலம் (130 சதுர செ.மீ., 5 மி.மீ.) சுமார் 96 டெசிபல். பன்னிரண்டு அங்குலம் (530 சதுர செ.மீ., 6 மி.மீ.) 110. பதினைந்து அங்குலம் (855 சதுர செ.மீ., 6 மி.மீ.) 114. தேவை 111. ஆறரை அங்குலத்துக்கு எத்தனை வாட் ஊட்டினாலும் பயனில்லை என்பது இந்த மூன்று எண்களிலேயே தெரிந்துவிடும். 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் எல்லாருக்கும் 12 டெசிபல் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்தாயி இறங்கினால் நான்கு மடங்கு காற்று வேண்டும். நான் கேட்பது மேளமும் வாய்ப்பாட்டும் என்பதால் 60-க்குக் கீழே கவலைப்படவில்லை. சர்ச் ஆர்கன் பிரியர்கள் தனியாக ஒரு சப்ஊஃபர் செய்துகொள்ள வேண்டியதுதான்.

உணர்திறன், ஆழ்ந்த ஒலி, சிறிய பெட்டி மூன்றும் ஒருசேரக் கிடைக்காது. கே.எல்.ஹெச். என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் மூன்று எழுத்துகளில் கடைசி எழுத்துக்குரிய ஹாஃப்மன் பெயரில் இதை ‘இரும்பு விதி’ என்கிறார்கள். நான் பெட்டியின் அளவை விட்டுக்கொடுத்தேன். ஒவ்வொன்றும் 110 லிட்டர். வீட்டில் அதற்கு ‘பீரோ’ என்று பெயர்.

மேடை ஊஃபர்களில் ஒரு பொறி உண்டு: சில பதினைந்து அங்குலங்கள் 55 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இயல்பாக அதிரும், வீட்டில் கீழ் ஒலி மெலிந்து கேட்கும். இயல்பாக அதிரும் அந்த அளவு, அதாவது எஃப்.எஸ்., 40-ஐ ஒட்டி இருப்பதைத் தேடுங்கள். எஃப்.எஸ்-ஐ, காந்தமும் காயிலும் கூம்பின் அதிர்வை எவ்வளவு அடக்குகின்றன என்று சொல்லும் க்யூ.இ.எஸ். எண்ணால் வகுத்துப் பாருங்கள். 100-க்கு மேல் வந்தால் துளை வைத்த பெட்டிக்கு ஏற்றது, 50-க்குக் கீழ் என்றால் மூடிய பெட்டிக்கு. நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் என்ற இருவரும் ஆஸ்திரேலியாவில் வகுத்துத் தந்த அளவீடுகள் இவை. அதற்கு முன் பெட்டி செய்வது பெரும்பாலும் குருட்டாம்போக்குதான். துளைப் பெட்டியில் ஒன்றை மறக்காதீர்கள்: துளையின் சுருதிக்குக் கீழே கூம்புக்குப் பிடிமானம் இருக்காது, தாறுமாறாகப் பாயும். அங்கே கீழ் ஒலியைத் தடுக்கும் ஒரு ஹைபாஸ் ஃபில்டர் போட்டே ஆக வேண்டும்.

கூம்பின் ஓரத்தில் மடிப்பு வைத்த துணி இருந்தால் வாங்கலாம். கடலோர ஊர்களில் ஃபோம் ஓரம் பொடிந்து போகும்.

மேல் ஒலிக்கு டோமைக் கைவிட்டு கம்ப்ரஷன் டிரைவருக்கும் அதன் முன் பொருத்தும் கூம்புக் குழாய்க்கும் போனேன். அப்பாவின் பாஷையில் ‘யூனிட்’. குழாயோடு சேர்த்து 108 டெசிபல், ஆகவே 111-க்கு 2 வாட்தான் தேவை. உள்ளே அதிரும் தகடான டயாபிரம் வியர்ப்பதே இல்லை. ஆனால் ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலும் அதே அளவு பெரிதாகும். ‘உஸ்’ சத்தம் குறைவான ஆம்ப்ளிஃபயரை இதற்கு ஒதுக்குங்கள்.

ஊஃபருக்கும் யூனிட்டுக்கும் ஒலியை எந்த ஹெர்ட்ஸில் பிரிப்பது? பதினைந்து அங்குலத்தின் கூம்பு விட்டம் சுமார் 33 செ.மீ. ஒலியின் அலைநீளம் அதற்குச் சமமாகும் 1000 ஹெர்ட்ஸ் வாக்கில் அது டார்ச் போலக் குவிக்கத் தொடங்கும். 30 செ.மீ. அகலமும் 90 பாகை விரிவும் உள்ள கூம்புக் குழாய் ஏறக்குறைய அதே இடத்திலிருந்துதான் ஒலியைக் கட்டுக்குள் வைக்கும். நான் 1200 ஹெர்ட்ஸில், ஸ்தாயிக்கு 24 டெசிபல் சரிவில் பிரித்தேன். உங்கள் யூனிட்டின் விவரத்தாள் 1600-க்குக் கீழே போகாதே என்று சொன்னால் பன்னிரண்டு அங்குல ஊஃபரை எடுங்கள். சிறிய அறைக்கு அதுதான் என் சிபாரிசும்.

கடையில் மூன்று சோதனைகள் செய்வேன். மல்டிமீட்டரில் 8 ஓம் டிரைவர் 5 முதல் 6 ஓம் காட்ட வேண்டும். இரு கை விரல்களாலும் கூம்பைச் சமமாக அழுத்தினால் உராயும் சத்தம் வரக் கூடாது. ஒன்றரை வோல்ட் பேட்டரியின் நேர்முனையை ஊஃபரின் நேர்முனையில் தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். காந்தம் பெரிதாக இருப்பதைக் காட்டிக் கடைக்காரர் மயக்கப் பார்ப்பார். ஒருமுறை ரப்பர் உறையைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பாதிகூட இல்லை.

தனித்தனி ஆம்ப்ளிஃபயர் வைத்து ஒலியைக் கீழ், மேல் என்று பிரிக்கும் மின்னணு கிராஸ்ஓவரில் ஓட்டுபவர்கள் யூனிட்டை நேரடியாக இணைக்காதீர்கள். சுவிட்ச் போடும்போது வரும் ஒரே ‘டப்’பில் என் முதல் டயாபிரம் போனது. 33 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கபாசிட்டர் ஒன்றைத் தொடரில் வையுங்கள். 8 ஓம் யூனிட்டுக்கு அது 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் தடுக்கும். 1200-க்கு மேல் நடக்கும் பாட்டுக்கு அதனால் பெரிய இடைஞ்சல் இல்லை.