மூடாத பெல்ட்டும் இரண்டு நேர்முகப் பரீட்சைகளும்

இலங்கையின் ஹட்டனில் முதல் நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது, "வேலைத்தளத்தில் ஆபத்தைக் கண்டு வாய் திறந்த சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார்கள். "பாதுகாப்புத்தான் முக்கியம், சேர்" என்று பொதுவாகச் சொன்னேன். வேலை கிடைக்கவில்லை. முன்பு வேலை செய்த இடத்தைக் குறை சொல்வதாகிவிடுமோ என்ற பயம்.

அடுத்த முறைக்கு, நடந்ததைக் கொப்பியில் எழுதிப் பார்த்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை. கொழுந்தை உருட்டும் ரோலர் மெஷினின் பெல்ட்டை மூடும் இரும்பு வலை கழற்றிக் கிடந்தது. கொழுந்து அள்ளிப்போடும் அண்ணன் குளிருக்குச் சுற்றியிருந்த மப்ளரின் நுனி பெல்ட்டுக்குக் கிட்டக் கிட்டப் போனது. "தள்ளி நில்லுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் ஐயாவிடம் ஓடினேன். "வலையைப் போடும்வரை மெஷினை நிறுத்துவோமா ஐயா?" கொழுந்து தேங்கிவிடும் என்று கோபப்பட்டார். அப்புறம் நேரில் வந்து பார்த்து, அவரே நிறுத்தினார்.

இரண்டாம் முறை இதையே சொன்னேன். யார் கழற்றினார்கள் என்பதை விட்டுவிட்டேன். அது பழி சொல்வதாகப் படும். "டீமேக்கர் மறுத்திருந்தால்?" என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்குத்தான் நன்றாகத் தயாராக வேண்டும். "அந்த மெஷினில் யாரையும் நிற்க விடாமல், தோட்டத்தை நடத்தும் துரைக்கு எழுத்தில் கொடுத்திருப்பேன். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே ஆபத்தான இயந்திரத்துக்கு வேலி வேண்டும் என்கிறது" என்றேன். கேள்வி கேட்ட இருவரும் குறித்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் வேலையில் சேர்ந்தேன்.