அப்டேட்டுக்கு நாள் குறிப்பது எப்படி

"அக்கா, அப்டேட் பண்ணு, அப்டேட் பண்ணுன்னு உயிரை வாங்குது. மொத்தமா நிறுத்திக் குடுங்க" என்று லேப்டாப்பை மேசையில் வைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்தச் செய்தி திரையில் எந்த இடத்தில் வருகிறது என்பதைத்தான். பெரும்பாலும் பதில் வராது. பார்த்ததும் மூடிவிடுவதே எல்லாருக்கும் பழக்கம். அடுத்த முறை வந்தால் மூடாமல், போனில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்வேன். அந்தப் படத்தைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

காரைக்குடியில் எனக்கு டிடிபி, ஜெராக்ஸ் கடை. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், ஆன்லைன் விண்ணப்பம், கூடவே தெரிந்தவர்களின் கம்ப்யூட்டருக்குச் சின்னச் சின்ன ரிப்பேர். வைகாசியிலும் ஆவணியிலும் பத்திரிகை வேலை குவியும்போது, நடுவில் ஒரு மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் இந்த விஷயத்தில் எனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் இருப்பது விண்டோஸ்தான் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

அப்டேட் என்ற பெயரில் வருபவை மூன்று வகை. பிரவுசர் வழியாக வரும் போலி. விண்டோஸே அனுப்பும் உண்மையானது. பிறகு நாம் நிறுவிய புரோகிராம்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று தட்டுவது. மூன்றையும் ஒரே மாதிரி நடத்தினால் வம்பு. போலியை நம்பி அமுக்குபவர்தான் உண்மையானதை எரிச்சலில் நிறுத்திவைப்பார். இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதலில் போலியை ஒழிப்போம். வலது கீழ் மூலையில் சின்னப் பெட்டியாக வந்து, அதில் குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும், அதன் பக்கத்தில் ஏதோ கேள்விப்படாத இணைய முகவரியும் இருந்தால், அது விண்டோஸ் அனுப்பியதே இல்லை. என்றோ ஒரு நாள் சினிமாவோ சீரியலோ தேடிப் போன தளத்தில் "அலோ" என்ற பொத்தானை அமுக்கியிருப்பீர்கள். "வைரஸ் இருக்கிறது", "உங்கள் பிரவுசர் பழசாகிவிட்டது" என்றெல்லாம் அனுப்ப அன்றைக்கே அனுமதி கொடுத்தாகிவிட்டது.

திரும்பப் பெறுவது சுலபம். குரோமில் மேலே வலது ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகள், அதில் செட்டிங்ஸ், அதில் "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி", அடுத்து "சைட் செட்டிங்ஸ்", அதற்குள் "நோட்டிஃபிகேஷன்ஸ்". அனுமதி பெற்ற தளங்கள் அங்கே வரிசையாக இருக்கும். தெரியாத பெயர் ஒவ்வொன்றையும் நீக்குங்கள். முடித்ததும் அதே பக்கத்தின் மேலே, எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்பக் கூடாது என்ற தேர்வை வைத்துவிடுங்கள். எட்ஜில் இடம் கொஞ்சம் மாறும்; செட்டிங்ஸில் உள்ள தேடல் பெட்டியில் நோட்டிஃபிகேஷன் என்று ஆங்கிலத்தில் அடித்தால் அதுவே கொண்டுபோய் விடும். வாட்ஸப் வெப் போல உண்மையாகவே தேவைப்படும் ஒன்றிரண்டுக்கு மட்டும் பிறகு அனுமதி கொடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு போலி திரை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். சைரன் கத்தும், ஒரு போன் நம்பர் காட்டும். பயப்படாதீர்கள், அது வெறும் இணையப் பக்கம். எஸ்கேப் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடியுங்கள். போகவில்லையா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து "எண்ட் டாஸ்க்" கொடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த நம்பருக்கு ஏற்கெனவே பேசி, எதிர்முனையில் இருப்பவன் சொன்னதை நிறுவியும் விட்டீர்கள் என்றால், முதலில் நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு போனில் இருந்து வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அதுதான்.

ஃபிளாஷ் பிளேயரை அப்டேட் செய்யச் சொல்லி இன்றும் செய்தி வரும். அடோபி நிறுவனம் அதை 2020 டிசம்பர் 31-உடன் மூடிவிட்டது. செத்தவருக்கு யாரும் புதுச் சட்டை தைக்க மாட்டார்கள். குரோமுக்கு உண்மையில் அப்டேட் இருக்கிறதா என்று பார்க்க, அதே மூன்று புள்ளிகளில் "ஹெல்ப்", பிறகு "அபவுட் கூகுள் குரோம்". அந்தப் பக்கத்தைத் திறந்தாலே அதுவே சரிபார்த்துக்கொள்ளும். வெளியே வேறு எங்கும் போய் எதையும் இறக்க வேண்டாம்.

அடுத்தது விண்டோஸ். இதைத்தான் எல்லாரும் நிறுத்தச் சொல்கிறார்கள். இதைத்தான் நான் நிறுத்த மாட்டேன்.

மைக்ரோசாஃப்டின் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை பத்து மணிக்கு வருகிறது. நமக்கு அது செவ்வாய் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. ஆக, இந்தியாவில் தொல்லை ஆரம்பிப்பது புதன்கிழமை காலை. இது தெரிந்துவிட்டால் அப்டேட் நம்மைத் தேடி வருவதற்குள் நாமே ஒரு நாள் குறித்துவிடலாம். காலண்டரில் அந்த இரண்டாவது செவ்வாயை வட்டம் போடுகிறேன். திங்கள்கிழமையே விண்டோஸ் பட்டனோடு ஐ எழுத்தை அமுக்கி செட்டிங்ஸைத் திறந்து, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் "பாஸ் அப்டேட்ஸ்" என்பதில் இரண்டு வாரம் வைத்துவிடுவேன். விண்டோஸ் 11-இல் ஒன்று முதல் ஐந்து வாரம் வரை தள்ளலாம். விண்டோஸ் 10-இல் ஏழு ஏழு நாளாக, மொத்தம் 35 நாள் வரை. எல்லை முடிந்த பிறகு, இருப்பதை நிறுவினால்தான் மறுபடி தள்ள விடும்.

எதற்கு அந்த இடைவெளி? புது அப்டேட்டில் கோளாறு இருந்தால் முதல் சில நாட்களிலேயே ஊரெல்லாம் தெரிந்துவிடும். கடையில் வேலை குறைவான ஒரு சாயங்காலம் பார்த்து, நானே "ரெஸ்யூம்" கொடுத்து ஏற்றிவிடுவேன். கரன்ட் முக்கியம். மாதாந்திரப் பராமரிப்புக்காக எங்கள் பகுதிக்கு மின்தடை அறிவித்த நாளில் இந்த வேலையைத் தொடவே மாட்டேன். அப்டேட் பாதியில் இருக்கும்போது யூபிஎஸ் இறங்கிவிட்டால், மெஷின் எழுந்திருக்குமா என்று அதற்கே தெரியாது. லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியிருக்க வேண்டும்.

யூடியூபில் ஒரு வைத்தியம் சுற்றுகிறது: பின்னணியில் ஓடும் வேலைகளின் சர்வீசஸ் பட்டியலுக்குப் போய் விண்டோஸ் அப்டேட்டை "டிசேபிள்" செய்துவிடுவது. இரண்டு காரணத்துக்காக அது வேண்டாம். ஒன்று, அது நிற்காது. அப்டேட் சர்வீஸை யாராவது கெடுத்துவைத்தால் சரிசெய்வதற்கென்றே விண்டோஸ் அப்டேட் மெடிக் சர்வீஸ் என்று இன்னொன்று உள்ளே இருக்கிறது. இரண்டாவது காரணம்தான் பெரியது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே முடங்கின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட், அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ்களுக்கு அதே ஆண்டு மார்ச் 14-லேயே வந்துவிட்டது. இரண்டு மாதமாகப் போடாமல் வைத்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள். அதனால்தான் என் கணக்கு: சில நாள் தள்ளலாம், மாதக் கணக்கில் தள்ளக் கூடாது.

விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் "கெட் தி லேட்டஸ்ட் அப்டேட்ஸ் ஆஸ் சூன் ஆஸ் தே ஆர் அவைலபிள்" என்று நீளமாக ஒரு ஸ்விட்ச் இருக்கும். அணைத்து வையுங்கள். மாதக் கடைசியில் வரும் முன்னோட்ட அப்டேட்டுகளுக்கு முந்திக்கொண்டு கை தூக்குவது அது. 2025 ஜனவரி கடைசியில் வந்த அப்படி ஒரு முன்னோட்ட அப்டேட், சில யூஎஸ்பி பிரிண்டர்களைத் தானாகவே அர்த்தமில்லாத எழுத்துகளை அச்சடிக்க வைத்தது. மைக்ரோசாஃப்டே பிறகு அதை ஒப்புக்கொண்டது. பிரிண்டரை நம்பிப் பிழைக்கும் என் மாதிரி ஆட்களுக்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

இனி அதே பக்கத்தில் உள்ள "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்". பாதித் தொல்லை தீர்வது இங்கேதான். "ஆக்டிவ் ஹவர்ஸ்" என்பது, இந்த நேரத்தில் நான் வேலை செய்வேன், ரீஸ்டார்ட் செய்யாதே என்று சொல்வது. தானாகக் கணிக்கும்படி விடாமல் "மேனுவலி" என்று மாற்றுங்கள். அதிகபட்சம் 18 மணி நேரம் வைக்கலாம். நான் காலை ஏழு முதல் நள்ளிரவு ஒன்று வரை வைத்திருக்கிறேன். "கெட் மி அப் டு டேட்" என்று ஒன்று இருந்தால் அணையுங்கள். அது ஆக்டிவ் ஹவர்ஸைக்கூட மதிக்காமல் ரீஸ்டார்ட் செய்யக் கொடுக்கும் அனுமதி. ரீஸ்டார்ட் தேவைப்படும்போது எனக்குச் சொல் என்ற ஸ்விட்சை மட்டும் போட்டுவையுங்கள். அறிவிப்பே வேண்டாம் என்று வந்தவரிடம் இன்னொரு அறிவிப்பை வைத்துக்கொள்ளச் சொன்னால் முறைக்கத்தான் செய்வார். ஆனால் சொல்லாமல் ரீஸ்டார்ட் ஆவதைவிட, சொல்லிவிட்டு ஆவது மேல்.

போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப் ஓட்டுபவர்களுக்கு வேறு கவலை: ஒரு நாளைக்குக் கிடைக்கும் டேட்டாவை அப்டேட் ஒரே மூச்சில் குடித்துவிடும். அந்த வைஃபைக்கு டேட்டா அளவு உண்டு என்று விண்டோஸுக்குச் சொல்ல, நெட்வொர்க் செட்டிங்ஸில் அதன் "பிராப்பர்டீஸ்" திறந்து "மீட்டர்டு கனெக்‌ஷன்" போடுங்கள். பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில், மீட்டர்டு இணைப்பிலும் அப்டேட் இறக்கு என்ற ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். நல்ல பிராட்பேண்ட் உள்ள இடத்துக்கு மாதம் ஒரு முறையாவது லேப்டாப்பைக் கொண்டுபோகத்தான் வேண்டும்.

ஷட் டவுன் மெனுவில் "அப்டேட் அண்ட் ஷட் டவுன்" என்றும் வெறும் "ஷட் டவுன்" என்றும் தனித்தனியாக வரும். அவசரமாகக் கிளம்பும்போது எதை அமுக்குகிறோம் என்று பார்த்து அமுக்குங்கள்.

பள்ளிக்கூடத்தில் புரொஜெக்டரில் பாடம் காட்டும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ், அதில் "டர்ன் ஆன் டூ நாட் டிஸ்டர்ப் ஆட்டோமேட்டிக்கலி". திரையை இரட்டிக்கும்போதும், முழுத்திரையில் ஒரு புரோகிராம் ஓடும்போதும் மூலைப் பெட்டிகள் வராது. அதே பக்கத்தின் அடியில், அப்டேட்டுக்குப் பிறகு வரும் வரவேற்புப் பக்கம், கம்ப்யூட்டரை அமைத்து முடியுங்கள் என்ற நச்சரிப்பு, குறிப்புகளும் யோசனைகளும் என்று சில டிக்குகள் இருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அதெல்லாம் பெரும்பாலும் விளம்பரம்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்குத் திரை முழுக்க "விண்டோஸ் 11-க்கு மாறுங்கள்" என்று வரும். வேண்டாமென்றால், கலர் பொத்தானை விட்டுவிட்டு, மங்கலாக எழுதியிருக்கும் மறுப்பைத் தேடி அமுக்குங்கள். ஆனால் இது வெறும் விளம்பரமாக மட்டும் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் "என்ரோல்" என்று வரும் இணைப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்துப் பதிவு செய்தால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் காசு கிடையாது. பழைய மெஷினில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாவிட்டால் முறைப்படி 11-க்குப் போகவும் முடியாது. அந்த அவகாசத்துக்குள் அடுத்த மெஷினுக்குப் பணம் சேர்ப்பதே வழி. எங்கள் கடையில் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு புரோகிராமுக்காக ஒரு விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிறது. அதற்கு நெட் கேபிளே கிடையாது; அறிவிப்பும் வராது.

மூன்றாவது வகைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரிண்டர் கம்பெனி, லேப்டாப் கம்பெனி எல்லாம் தங்கள் உதவியாளர் புரோகிராம் ஒன்றை உள்ளே வைத்திருக்கும். டாஸ்க் மேனேஜரில் "ஸ்டார்ட்டப் ஆப்ஸ்" திறந்து, கம்ப்யூட்டர் போட்டதும் ஓடத் தேவையில்லாதவற்றை "டிசேபிள்" செய்யுங்கள். பிரிண்டர் பாட்டுக்கு அச்சடிக்கும். ஆன்டிவைரஸ் என்று இருப்பதை மட்டும் தொடாதீர்கள். வீடியோ பார்க்கும் விஎல்சியில் டூல்ஸ், ப்ரிஃபரன்சஸ் உள்ளே அப்டேட் அறிவிப்புக்கு ஒரு டிக் உண்டு, எடுத்துவிடலாம். ஜாவாவுக்கு, கன்ட்ரோல் பேனலில் ஜாவா, அதில் அப்டேட் டேப். ஆனால் டெண்டர் போட டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்துபவர் என்றால், அந்தத் தளம் எந்த ஜாவாவைக் கேட்கிறது என்று பார்க்காமல் ஜாவாவை ஏற்றவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். கடைசித் தேதியன்று மாலை நாலு மணிக்கு ஓடி வந்தால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இவ்வளவும் செட் செய்ய அரை மணி நேரம் போதும். வீட்டில் அப்பா அம்மா தனியாகப் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால், "பாஸ்" மட்டும் வேண்டாம். மறுபடி திறந்துவிட அவர்களுக்கு நினைவிருக்காது. ஆக்டிவ் ஹவர்ஸ் வைத்து, பிரவுசர் அறிவிப்புகளை அடைத்துவிட்டு, மற்றதை விண்டோஸ் பாட்டுக்குச் செய்யட்டும் என்று விட்டுவிடுங்கள்.