பிரேமனில் ஐந்து ஓட்டு போடுவது எப்படி

ஜெர்மனியின் மிகச் சிறிய மாநிலமான பிரேமன், இரண்டு துண்டாகக் கிடக்கும் மாநிலமும்கூட. பிரேமன் நகரம் ஒரு பக்கம். வேசர் ஆற்றின் முகத்துவாரத்தில், 1827-இல் ஹானோவரிடம் வாங்கிய நிலத்தில் எழுந்த பிரேமர்ஹாஃபன் மறுபக்கம். நடுவில் கீழ் சாக்சனி. மாநில சட்டமன்றம் பூர்கர்ஷாஃப்ட். அதன் தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை.

16 வயது நிரம்பிய, மூன்று மாதமாவது மாநிலத்தில் வசிக்கும் ஜெர்மன் குடிமக்கள் ஓட்டுப் போடலாம். பிற ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் நகர மன்றத்துக்கு மட்டும்.

ஓட்டுச்சீட்டு ஒரு சிறு புத்தகம். பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள். ஒவ்வொரு கட்சிப் பட்டியலுக்கும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஐந்து வட்டங்கள் இருக்கும். உங்கள் ஐந்து ஓட்டையும் ஒருவருக்கே தரலாம், பல கட்சிகளுக்குப் பிரித்தும் தரலாம். ஆறாவது குறி போட்டால் சீட்டு முழுதும் செல்லாது. குறைவாகப் போட்டால் போட்டவரை செல்லும். எனவே ஒரு பக்கம் முடிந்ததும் குறிகளை எண்ணிக்கொள்வது நல்லது.

தபால் ஓட்டில் பலர் சறுக்குவது உறுதிமொழித் தாளில் கையெழுத்திட மறந்துதான். தேர்தல் நாள் மாலை 6 மணிக்குள் உறை போய்ச் சேரவேண்டும்.

சட்டமன்றத்தில் இடம் பெற ஒரு கட்சி தாண்டவேண்டிய 5 சதவீத ஓட்டு வரம்பு இரு நகரங்களுக்கும் தனித்தனி. பிரேமர்ஹாஃபனில் மட்டும் தாண்டிய கட்சியும் உள்ளே வந்துவிடும். வேடிக்கையான ஏற்பாடு, ஆனால் சிறு கட்சிகளுக்கு இதுவே வாசல். மாநில அரசின் தலைவரான மேயரை நீங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அது பூர்கர்ஷாஃப்டின் வேலை.