பேஸ் கிட்டாரில் தந்தி இடைவெளியைக் கூட்டினால் பிக்கப்பை எப்படிச் சரிசெய்வது?

பிரிட்ஜை (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பகுதியை) மாற்றித் தந்திகளைச் சற்று அகலமாக அமைத்துக்கொண்டவர் முதலில் கவனிப்பது, ஓரத்திலுள்ள ஈ, ஜி தந்திகள், தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப்பின் காந்தத் தண்டுகளை விட்டு விலகி நிற்பதைத்தான். உடனே பிக்கப்பைப் பிரிக்கத் தோன்றும். அதற்கு முன் ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்வது நல்லது. பிரிட்ஜ் விற்பவர் சொல்லும் இடைவெளி சேடிலில், அதாவது பிரிட்ஜில் தந்தி அமரும் சிறு தாங்கியில், அளந்தது. தந்திகள் நட்டை (கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகள் அமரும் பட்டையை) நோக்கிக் குறுகிக்கொண்டே போவதால், பிக்கப் இருக்கும் இடத்தில் அந்த அளவு அப்படியே இருப்பதில்லை.

1960இல் வெளிவந்த ஃபெண்டர் ஜாஸ் பேஸின் வழிவந்த ஒரு நான்கு தந்திக் கருவியை எடுத்துக்கொள்வோம். சேடிலிலிருந்து நட் வரை அதன் தந்தி நீளம் 864 மி.மீ. நட்டில் ஈ முதல் ஜி வரை சுமார் 30 மி.மீ., அடுத்தடுத்த தந்திகளுக்கிடையே 19 மி.மீ. இடைவெளி கொண்ட பிரிட்ஜில் 57 மி.மீ. என்று வைத்தால், சேடிலிலிருந்து 65 மி.மீ. தள்ளியுள்ள பிரிட்ஜ் பிக்கப்பின் மேல் அந்த அகலம் 55 மி.மீ. ஆகவும், 155 மி.மீ. தள்ளி, கழுத்துப் பக்கமாக உள்ள நெக் பிக்கப்பின் மேல் 52.2 மி.மீ. ஆகவும் இருக்கும். ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்புகளும் நீளத்தில் சுமார் 3 மி.மீ. வேறுபடுவதன் காரணம் இதுவே. இப்போது 20 மி.மீ. பிரிட்ஜைப் போட்டால் அந்த அகலங்கள் 57.7 மி.மீ., 54.6 மி.மீ. என்று மாறும், அதாவது பிரிட்ஜ் பிக்கப்பின் மேல் ஓரத் தந்தி ஒவ்வொன்றும் 1.4 மி.மீ. மட்டுமே வெளியே நகர்ந்திருக்கும்.

இந்த 1.4 மி.மீ. தொல்லை தருமா என்பது பிக்கப்பின் அமைப்பைப் பொறுத்தது. ஜாஸ் வகையில் ஒவ்வொரு தந்திக்கும் இரண்டு காந்தத் தண்டுகள் உண்டு, தந்தி அவற்றின் நடுவே ஓடுகிறது. சற்று நகர்ந்தாலும் அது அந்த இரண்டுக்கும் இடையிலேயே இருப்பதால் பெரும்பாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. தந்திக்கு ஒரே தண்டு உள்ள பிக்கப்பில்தான் ஓரத் தந்திகளின் ஒலி மெலியும். மூடிய உறைக்குள் நீண்ட தகடு வைத்த பிக்கப்பாக இருந்தால், தகடு ஓரத் தந்திகளையும் தாண்டி நீளும் வரை எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆகவே நான்கு தந்திகளையும் ஒரே விசையில் மீட்டி, கணினியில் பதிவு செய்து, ஒலி அளவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரத் தந்திகள் சிறிதளவே குறைந்திருந்தால் பிக்கப்பின் இரு முனைகளையும் திருகாணியால் சற்று உயர்த்துவது போதும்.

பிக்கப்பைச் சாய்த்து வைத்தால் அகலம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது இதற்கு நேர்மாறானது. சாய்த்த பிக்கப்பின் தண்டுகள் தந்திகளுக்குக் குறுக்கே அளக்கும்போது நெருங்கிவிடுகின்றன. 10 பாகை சாய்த்தாலே 55 மி.மீ. 54.2 ஆகச் சுருங்கும். தந்திகள் குறுகும் நெக் பக்கமாகப் பிக்கப்பை நகர்த்துவதும் பயன்படாது; மேலே சொன்ன கணக்கில் 2.7 மி.மீ. வேறுபாட்டைச் சரிக்கட்ட ஏறத்தாழ 80 மி.மீ. நகர்த்த வேண்டும், அதற்குள் அது வேறொரு கருவியின் ஒலியாகிவிடும்.

1957 முதல் வரும் இரு துண்டுப் பிரிசிஷன் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. அதில் ஈ, ஏ தந்திகளுக்கு ஒரு துண்டு, டி, ஜி தந்திகளுக்கு இன்னொன்று. பிக்கப்பின் மேல் அடுத்தடுத்த இரு தந்திகளுக்கு இடையிலான தூரம் எவ்வளவு கூடியதோ, அதே அளவுக்கு ஒவ்வொரு துண்டையும் வெளிப்பக்கமாக நகர்த்தினால், எந்தத் தந்தியிலும் மிஞ்சும் பிழை அதில் பாதிதான். பிக்கார்டின் (உடலின் மேல் பொருத்திய மெல்லிய தகட்டின்) துளைகளை அரத்தால் தேய்த்து அகட்டினால் போதும். மரத்திலுள்ள குழியில் இதற்கான இடம் பெரும்பாலும் இருக்கும்.

ஜாஸ் வகையில் நெக் பிக்கப்பின் தீர்வு மேலே உள்ள எண்களிலேயே இருக்கிறது. புதிய தந்திகளுக்கு அங்கே தேவைப்படும் 54.6 மி.மீ., பழைய பிரிட்ஜ் பிக்கப்பின் 55 மி.மீ. அகலத்தோடு கிட்டத்தட்டப் பொருந்துகிறது. எனவே இரண்டு இடங்களிலும் நீளமான பிக்கப்பையே வைத்து, நெக் குழியை மட்டும் உளியால் 3 மி.மீ. அகட்டலாம். ஆனால் இரண்டும் ஒரே திசையில் சுற்றப்பட்டு ஒரே காந்த முனையை மேலே காட்டினால், இரண்டையும் முழுதாகத் திறந்து வாசிக்கும்போதும் மின் இரைச்சல் நீங்காது. வாங்கும்போதே ஒன்றின் காந்த முனையும் கம்பி சுற்றிய திசையும் எதிராக இருக்குமாறு கேட்டு வாங்க வேண்டும்.

பிரிட்ஜ் பிக்கப்புக்கு நான் முதலில் சொல்வது இரும்புத் தகடு வைத்துப் பார்க்கும் சோதனை. 1 மி.மீ. தடிமனுள்ள மென்னிரும்புப் பட்டை ஒன்றை, ஓரத் தண்டுகளைத் தாண்டி இருபுறமும் 3 மி.மீ. நீளுமாறு வெட்டி, உறையின் மேல் தண்டுகளோடு ஒட்ட வையுங்கள்; காந்தமே அதைப் பிடித்துக்கொள்ளும். தனித்தனித் தண்டுகளின் புலம் பட்டை வழியாகப் பரவி ஓரங்கள் வரை எட்டும். உச்ச ஒலிகள் சற்று மங்கலாம், அது பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். பிடித்திருந்தால் துளையில்லாத உறை ஒன்றை வாங்கி, பட்டையை அதன் உள்ளே வைத்து, செம்புக் கம்பியைத் தொடாதபடி நிரந்தரமாக ஒட்டிவிடலாம்.

தண்டுகளையே நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால், சுருள் எதன் மேல் சுற்றப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய முறைப் பிக்கப்பில் ஆல்னிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த உலோகக் கலவை) காந்தங்களின் மேலேயே, முடியைவிட மெல்லிய, சுமார் 0.06 மி.மீ. செம்புக் கம்பி நேரடியாகச் சுற்றப்பட்டிருக்கும். அதில் ஒரு காந்தத்தைத் தள்ளினால் உட்சுற்று அறுந்துவிடும். என் முதல் பிக்கப்பை நான் அப்படித்தான் கொன்றேன். பிளாஸ்டிக் பாபினும் (கம்பி சுற்றும் சட்டம்) கீழே பட்டைக் காந்தமும் உள்ள மலிவான வகையில் சுருள் பாபின் சுவரின் மேல் இருப்பதால், உள்ளேயிருக்கும் இரும்புத் தண்டுகளைச் சேதமின்றி வெளியே தள்ள முடியும். பிறகு துளைகளுக்கு இடையிலுள்ள பிளாஸ்டிக்கை மெல்லிய அரத்தால் நீக்கி, தண்டுகளுக்குப் பதில் ஒரே இரும்புத் தகட்டைச் செருகிவிடலாம்.

ஆல்னிக்கோ வகைக்கு மறுசுற்றைத் தவிர வழியில்லை. புதிய இடைவெளிக்குத் துளையிட்ட இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு இடையே காந்தங்களை முனை மாறாமல் செருகி, கூரிய விளிம்புகள் கம்பியை அறுக்காதிருக்க அவற்றின் மேல் அரக்கு பூசி உலரவிட்டு, முன்பிருந்த அதே எண்ணிக்கையில் சுற்ற வேண்டும். சுருள் நீண்டுவிட்டதால் மல்டிமீட்டரில் மின்தடை முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். அதைப் பார்த்துச் சுற்றுகளைக் குறைக்க வேண்டாம். இறுதியாகப் பாரஃபின் மெழுகில் ஐந்தில் ஒரு பங்கு தேன்மெழுகு கலந்து, நேரடித் தீயில் அல்லாமல் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, சுமார் 65 டிகிரி செல்சியஸில், காற்றுக் குமிழிகள் நிற்கும் வரை சுருளை மூழ்கவிடுங்கள். உறையை அந்த மெழுகில் போட்டால் வளைந்துவிடும்.

பொருத்திய பின், கடைசி ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் உடலுக்கு மிக அருகில் உள்ளது) தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஈ தந்திக்குக் கீழே சுமார் 3 மி.மீ., ஜி தந்திக்குக் கீழே சுமார் 2.4 மி.மீ. இருக்குமாறு உயரத்தை வைத்து, அங்கிருந்து காது சொல்கிறபடி ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள்.